இளம் வயதில் பிரஷர்: காரணத்தைத் தேடிப் பாருங்கள்

வளைகுடா வேலைக்கான மெடிக்கலுக்குப் போகும்போதுதான் நம் இளைஞர்கள் சிலருக்குத் தமக்கு இரத்த அழுத்தம் இருப்பதே தெரிய வருகிறது. வயது 25, அளவு 160/100. 'டென்ஷனாக இருக்கும்' என்று ஒரு மாத்திரையைப் போட்டு அன்றைக்கு அளவைக் குறைத்து, சான்றிதழ் வாங்கி விமானம் ஏறிவிடுகிறார்கள். சிறுநீரகம் பழுதான பிறகு ஊர் திரும்புபவர்களும் உண்டு.

நடுத்தர வயதில் வரும் இரத்த அழுத்தத்திற்குப் பெரும்பாலும் தனியாக ஒரு காரணம் இருக்காது. ஆனால் 30 வயதுக்குள், உடல் பருமனோ பரம்பரையோ இல்லாதவருக்கு வந்தால், அதன் பின்னால் வேறு நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90க்கு மேலேயே இருந்தால் தாமதிக்கக் கூடாது. காரணம் தெரிந்தால் சிலருக்கு முழுமையாகவே குணப்படுத்தலாம்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது சிறுநீரகத்தை. சிறுநீர் நுரைத்துப் போவதும் காலையில் முகம் வீங்குவதும் அறிகுறிகள். பலருக்கு அதுவும் இருக்காது. சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால்தான் தெரியும். சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக்குழாய் சுருங்கினாலும் அழுத்தம் ஏறும். இந்தியாவில் இளம்பெண்களுக்கு இப்படி நேர, டகாயாசு எனப்படும் இரத்தக்குழாய் அழற்சி ஒரு முக்கியக் காரணம். இவர்களில் பலருக்கு ஒரு கையில் நாடி மங்கலாக இருக்கும், இரு கைகளிலும் அளவு வேறுபடும்.

பிறவியிலேயே மகாதமனி சுருங்கியிருந்தால் கையில் அழுத்தம் கூடுதலாகவும் காலில் குறைவாகவும் இருக்கும். தொடை இடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைத்தான் பலரும் பார்ப்பதில்லை! காலிலும் ஒருமுறை அளந்து பார்க்கும்படி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் காரணமாகலாம். அது ஆல்டோஸ்டிரோனை அதிகம் சுரந்தால், சிலருக்குப் பொட்டாசியம் குறைந்து தசைகள் தளரும். திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து போனால் அச்சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

சாப்பிடும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை, ஜிம்மில் கொடுக்கும் ஊசி, உடம்பு ஏறுவதற்கென்று கடையில் வாங்கும் ஸ்டீராய்டு, ஏன், தினமும் அதிகமாகச் சாப்பிடும் அதிமதுரம்கூட அழுத்தத்தை ஏற்றும். நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.