அந்தரங்கமும் தஸ்தாவேஜும்

அந்தரங்கம் என்னும் உரிமைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் இடையே எல்லை வகுக்க நம் உச்ச நீதிமன்றம் முற்பட்ட வழக்கு, மகான் எவரையும் முன்னிட்டு எழாமல், கொலைக் குற்றங்களுக்காகத் தூக்குத்தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரை முன்னிட்டு எழுந்தது என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. உயர் அதிகாரிகள் சிலருடன் தமக்கிருந்த சம்பந்தத்தை விவரித்து சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை ‘நக்கீரன்’ தொடராக வெளியிட முனைந்தபோது, அது பொய்யென்றும் பிரசுரித்தால் நடவடிக்கை வருமென்றும் 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வரவே, பத்திராதிபர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி வழங்கிய தீர்ப்பு, ஒருவருடைய குடும்பம், விவாகம், சந்தானம், கல்வி முதலிய விஷயங்களை, அவை மெய்யாயினும் பொய்யாயினும், புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும், அவர் சம்மதமின்றி எவரும் வெளியிடலாகாது என்றது. அதே மூச்சில், அவதூறுக்கு அஞ்சி அதிகாரிகள் பிரசுரத்தை முன்கூட்டியே தடுக்க வழியில்லை என்றும், நீதிமன்ற ஆவணம் முதலிய பொது ஆவணங்களில் ஏறிவிட்ட சங்கதிக்கு அந்தரங்கம் கிடையாது என்றும் விதித்தது. பலாத்காரத்துக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயரை மட்டும் இவ்விதிவிலக்கினின்றும் காத்தது. சங்கர் 1995 ஏப்ரலில் சேலத்தில் தூக்கிலிடப்பட்டார், தீர்ப்பு நிலைத்தது.

ஆனால் அன்றைய தஸ்தாவேஜு வேறு. ரிக்கார்டு அறையில் கட்டுக்கட்டாகக் கிடந்து, நகல் மனுப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, குமாஸ்தாவைப் பலமுறை கண்ட பின்னரே வெளிவரும் அந்தக் காகிதம், பகிரங்கமென்று பெயர் பெற்றிருந்தும் நடைமுறையில் ரகசியமாகவே இருந்தது. இன்றோ பெயரைத் தட்டச்சு செய்த மாத்திரத்தில் பெண் வீட்டாரும் வேலை கொடுப்போரும் அதைப் படித்துவிடுகிறார்கள். விடுதலை பெற்ற ஒருவர் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்க வேண்டியபோது, சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2021-இல் மறுத்தார். இரு நீதிபதிகள் அமர்வு 2024-இல் இசைந்தது. அவ்வாண்டே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னதன் பின்னர் பிறந்த 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் விவரங்களை அழிக்கக் கோரவும் இடமளிக்கிறது. எனினும், ஒருவர் தாமே வலைத்தளத்தில் பகிரங்கப்படுத்திய விவரங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதன் மூன்றாம் பிரிவு விலக்கிவிடுகிறது. இளமை வேகத்தில் தம் வீட்டு விவகாரத்தை ஊரறியச் சொல்லிவிட்டுப் பின்னர் வருந்துபவருக்கே இவ்வுரிமை எல்லோரையும்விட அதிகம் தேவை. அவரை வாசலிலேயே நிறுத்திய அந்தப் பிரிவு திருத்தப்பட வேண்டியது என்பதே என் அபிப்பிராயம்.