கொழுந்தின் நிறையும் உடலின் நிறையும்

தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள லிந்துலைத் தோட்டங்களில் நூறாண்டுக்கு மேலாகத் தராசு ஓய்ந்ததில்லை. கொழுந்து மடுவத்தில் கூடைகள் நிறுக்கப்படும். கணக்கப்பிள்ளை இறாத்தலைக் குறித்துக்கொள்வார். விதித்த நிறை சேராவிடின் அன்றைக்கு அரைப்பேர்தான். கொழுந்தை இத்துணை நுணுக்கமாக நிறுத்த அதே மலைகளில், அதனைப் பறித்த பெண்ணின் நிறை யாது என்று கேட்கும் அன்றாட வழக்கம் நெடுங்காலம் தோன்றவில்லை.

மனித உடலை நிறுத்துக் கணக்கிடும் முறையோ, இலங்கை மலைகளில் தேயிலை பெருகுமுன்பே ஐரோப்பாவில் பிறந்துவிட்டது. 1796இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் தோன்றிய அடோல்ஃப் கெட்லே என்பார் மருத்துவர் அல்லர். வானியலாளர், பிரசெல்ஸ் வானாய்வுக்கூடத்தை நிறுவியவர். விண்மீன்களின் இயக்கத்தில் ஒழுங்கு காண்பதுபோல மக்கட் கூட்டத்திலும் ஒழுங்கு காணலாம் என்று கருதி, 'சராசரி மனிதன்' யாவன் எனத் தேடினார். உயரமும் அகலமும் கனமும் ஒரே வீதத்தில் வளருமாயின், நிறை உயரத்தின் கனத்துக்கு ஏற்பப் பெருகவேண்டும். ஆனால் வளர்ந்தோரிடத்தில் அது ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே பெருகுகிறது என்பதை அவர் கண்டார். 1835இல் வெளிவந்த அவருடைய நூல் இவ்வாராய்ச்சியை உலகுக்கு அளித்தது. தடித்தவர் யார், மெலிந்தவர் யார் என்று தீர்ப்பளிப்பது அவர் நோக்கமன்று.

அத்தீர்ப்பைப் பிற்காலத்தில் நாடியவர்கள் ஆயுட்காப்புறுதிக் கம்பெனியார். அவர்களுடைய அட்டவணைகளில் நிறைவு காணாத அமெரிக்க அறிஞர் அன்செல் கீஸ், 1972இல் கெட்லேயின் பழைய கணக்கைச் சோதித்து, அதற்கு உடற்திணிவுச் சுட்டெண் என்னும் பெயரைச் சூட்டினார். ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கு மேற்பட்டோர் அச்சோதனைக்கு உட்பட்டனர். அனைவரும் ஆண்கள். கூடை சுமக்கும் பெண்ணின் உடலுக்கும் அதே கணக்குப் பொருந்துமா என்ற வினா அப்போது எழவில்லை.

கணக்கு எளியது. நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுக்கவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் உயரம் ஒன்றரை மீற்றர், நிறை 40 கிலோ, அதாவது ஏறக்குறைய 88 இறாத்தல் என்க. ஒன்றரையின் வர்க்கம் 2.25, 40ஐ அதனால் வகுக்க 17.8 வரும். 18.5க்குக் கீழ்ப்படின் நிறை குறைவு என்பது உலக வழக்கு. இன்னும் ஏறத்தாழ 2 கிலோ இருந்தால் அவள் அவ்வெல்லையைத் தொடுவாள். மேலெல்லை 25. ஆயினும் ஆசிய மக்களிடத்தில் நீரிழிவும் இருதய நோயும் அதற்கு முன்னரே தலைகாட்டுவதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23ஐயே எச்சரிக்கை எல்லையாகச் சுட்டிற்று. தசையையும் கொழுப்பையும் இவ்வெண் பிரித்தறியாது என்பது பலரும் அறிந்த குறை.

மலைநாட்டில் இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கீஸ் பெயர் சூட்டிய மறு ஆண்டே, 1973இல், இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு மூண்டது, பங்கீட்டரிசி குறைக்கப்பட்டது. காணியோ வயலோ இல்லாத தோட்டத் தொழிலாளர் கூலிக் காசையே நம்பியிருந்தனர். 1974இல் தோட்டங்களில் மரண வீதம் வெகுவாக உயர்ந்தது. அத்தகைய பஞ்சகாலத்தில் வளரும் குழந்தையின் உயரமும் குன்றும். உயரம் குன்றினால் வகுக்கும் எண்ணும் சிறுத்துவிடும், விடை பெருகும், இளமையில் பட்ட பட்டினி முதுமையில் 'சரியான' எண்ணாகத் தோன்றும்! இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகைச் சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் உயரம் குன்றியோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர்.

ஆகவே இவ்வெண்ணைத் தனித்து நம்பாமல், தாயின் உயரத்தையும் குழந்தையின் பிறப்பு நிறையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. இன்று கருவுற்ற தாய் முதன்முறை கிளினிக்குக்கு வரும்போது அவளுடைய உயரமும் நிறையும் அளக்கப்பட்டு, சுட்டெண் அட்டையில் குறிக்கப்படுகிறது. அது 18.5க்குக் குறைந்தால், பேறுகாலத்துக்குள் அவள் 12.5 முதல் 18 கிலோ வரை நிறை கூடவேண்டும் என்பது கணக்கு. 1973இல் தொடங்கிய திரிபோஷத் திட்டத்தின் சத்துமா அத்தாய்மாருக்கும் வழங்கப்படுகிறது. லயத்து வீட்டில் அந்த மாப்பொதி பெரும்பாலும் பிள்ளைகள் அனைவருக்கும் பங்காகிவிடுகிறது.