செல்மா நகரின் படிகளும் பாலமும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆற்றின் உயர்ந்த கரைமீது அமைந்தது செல்மா என்னும் சிறு நகரம். பருத்தி வாணிகத்தால் வளம் பெற்ற இந்நகரின் பழம்பெருமையைக் கூறுவோர் 1850களில் எழுந்த ஸ்ரர்டிவன்ற் மாளிகையையே முதலிற் சுட்டுவர். நெடிய தூண்களையுடைய அம்மாளிகை கண்ணைக் கவர்வதே. அதனை எழுப்பிய செல்வத்துக்கு அடிமைகளின் உழைப்பே ஊற்று என்பதையும் உடன் கூறல் வேண்டும். ஆயினும் உலக வரலாற்றிற் செல்மாவுக்கு இடம் தேடித் தந்தவை மாளிகைகள் அல்ல. ஒரு நீதிமன்றத்தின் படிகள், ஒரு செங்கற் தேவாலயம், ஓர் உருக்குப் பாலம் ஆகியவையே.

இன வேறுபாடு காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என 1870ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசியலமைப்பு விதித்தது. செல்மாவைத் தலைநகராகக் கொண்ட டலஸ் மாவட்டத்தில் (இது ரெக்சஸ் மாநிலத்துப் பெருநகரன்று) 1960களின் தொடக்கத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 15,000 பேர் இருந்தனர். வாக்காளராய்ப் பதியப்பட்டோரோ சில நூற்றுவரே. பதிவலுவலகம் மாதத்தில் இரு நாட்களே திறந்திருந்தது. எழுத்தறிவுத் தேர்வென ஒன்று வைக்கப்பட்டது. அதன் முடிவு அலுவலரின் விருப்பத்தைப் பொறுத்தது.

இந்நிலையில் 1965 ஜனவரி 22இல் நிகழ்ந்ததொன்று பெரிதும் நினைக்கற்பாலது. கறுப்பின ஆசிரியர் நூற்றுவருக்கு மேற்பட்டோர், ஆசிரியரும் மதபோதகருமான பிரெடெரிக் றீஸ் என்பவரின் தலைமையில், நீதிமன்றத்தை நோக்கி அணிவகுத்துச் சென்றனர். இவர்களது வேதனம் வெள்ளையரின் ஆதிக்கத்திலிருந்த கல்விச் சபையின் கையில் இருந்தது. ஒரு கையொப்பத்தாற் பதவி பறிபோகலாம். சிறை செல்லவும் துணிந்து பற்றூரிகைகளைக் கையோடு கொண்டுசென்றனர். மாணவருக்கு எழுத்தும் குடியியலும் கற்பித்த இவர்களே எழுத்தறிவுத் தேர்வில் தகுதியற்றோராய்க் கொள்ளப்பட்டனர் என்பதினும் கொடிய நகைப்பு வேறில்லை. மாவட்டக் காவல் அதிபதி ஜிம் கிளாக்கும் அவருடைய ஆட்களும் தடிகளால் இடித்து அவர்களைப் படிகளிலிருந்து கீழே தள்ளினர். ஆசிரியர் மீண்டும் ஏறினர், மீண்டும் தள்ளப்பட்டனர். அதுவரை ஒதுங்கி நின்ற நடுத்தர வகுப்பார் பலர் அதன்பின்னரே வீதிக்கு வந்தனர்.

இவ்வியக்கத்தின் இருப்பிடமாய் விளங்கியது பிரவுண் சப்பல் தேவாலயம். இரட்டைக் கோபுரங்களையுடைய அச்செங்கற் கட்டடம் 1908இல் எழுந்தது. கட்டியவர் ஒரு கறுப்பினக் கட்டடக் கலைஞர். உரிமை இயக்கத்தார் மூவர் கூடிப் பேசுவதையும் 1964 ஜூலையில் உள்ளூர் நீதிபதி ஒருவர் தடைசெய்திருந்தார். 1965 ஜனவரி 2இல் அத்தடையை மீறி மாட்டின் லூதர் கிங் இங்கு உரையாற்றினார்.

பெப்ரவரியில் அயலூரான மரியனில் ஜிம்மி லீ ஜக்சன் என்னும் இளைஞர் மாநிலக் காவலராற் சுடப்பட்டு மாண்டார். அதற்கு நியாயம் கேட்டு மார்ச் 7, ஞாயிறன்று, ஏறத்தாழ 600 பேர் பிரவுண் சப்பலினின்றும் புறப்பட்டு, 54 மைல் தொலைவிலுள்ள மொன்கொமரியை நோக்கி நடந்தனர். ஊரெல்லையில் எட்மண்ட் பெற்றஸ் பாலம். 1940இல் திறக்கப்பட்ட அப்பாலம் நடுவில் உயர்ந்து வளைந்தது. ஆதலால் உச்சியை அடையும்வரை அக்கரையில் நின்ற காவற்படை நடந்தோர் கண்ணுக்குப் புலப்படவில்லை. கண்ணீர்ப்புகையும் குண்டாந்தடியும் அவர்களை எதிர்கொண்டன. ஜோன் லூயிஸ் மண்டையோடு வெடித்து வீழ்ந்தார். அமீலியா பொயின்ரன் அடிபட்டு உணர்விழந்தார். அக்காட்சியைத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் கண்டது. மார்ச் 21இல் நீதிமன்ற அனுமதியோடு தொடங்கிய நடை 25ஆம் நாள் மொன்கொமரியை அடைந்தது. ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. மறு ஆண்டே, புதிதாகப் பதிவுபெற்ற வாக்காளர் ஜிம் கிளாக்கைப் பதவியினின்றும் அகற்றத் துணைநின்றனர்.

அச்சட்டத்தின் முதன்மையான பகுதியொன்று 2013இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பாற் செயலிழந்தது. 2022இல் பிரவுண் சப்பல், கறையான் அரிப்பினால், அழிவை எதிர்நோக்கும் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பாலத்தின் பெயரோ அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்புலத் தளபதி ஒருவருடையது. அதனை மாற்றுமாறு கோரிக்கை எழுந்தபோது, அப்பாலத்தில் அடிபட்ட லூயிசே 2015இல் அதற்கு உடன்படவில்லை.