தீப்பெட்டிக்குள் ஒரு வரலாறு

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிற வழியில், மழை விட்ட மறுநாள், மட்கிக் கிடந்த கட்டையொன்றின் மேல் மஞ்சளாக ஏதோ படர்ந்திருந்தது. முட்டையை உடைத்து ஊற்றியதுபோல் இருந்தது. உடன் வந்த கரியாலூர்ப் பெரியவர் சொன்னார்: "சார், நேத்து இது அந்த ஓரத்துல இருந்துச்சு. ராத்திரில நகந்து வந்துருக்கு."

கள்ளக்குறிச்சியில் முப்பது ஆண்டு தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்குச் சளிப்பூஞ்சை என்றுதான் பெயர் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பூஞ்சை இடம்விட்டு இடம் நகராது. பெரியவர் கண்டதே உண்மை. அந்த உண்மைக்கு வந்துசேர அறிவியலுக்கு இருநூறு ஆண்டுகள் ஆயின.

1654இல் ஜெர்மனியின் தாமஸ் பாங்கோவ் தம் மூலிகை நூலில் சளிப்பூஞ்சை ஒன்றைப் படத்தோடு பதிந்தார். பின்னர் லின்னேயஸ் அந்த இனத்தைப் பூஞ்சைகளோடு சேர்த்தார். 1850களின் இறுதியில் ஆன்டன் டி பாரி சளிப்பூஞ்சைகளின் வித்துகளை முளைக்கவிட்டு, பொறுமையாகப் பார்த்தார். பூஞ்சையானால் இழை நீண்டிருக்கும். வெளிவந்ததோ ஊர்ந்து நீந்தும் நுண்ணுயிர். இன்று அது அமீபாக்களின் கூட்டத்தில் வைக்கப்படுகிறது.

அதன் வாழ்க்கை வியப்பானது. பொருந்திய இரண்டு நுண்ணுயிர்கள் கூடி ஒன்றாகின்றன. பிறகு உட்கரு மட்டும் பெருகிக்கொண்டே போகும்; செல் பிரியாது. உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்தாலும் அது ஒரே செல்தான். பாக்டீரியாவையும் பூஞ்சை வித்துகளையும் விழுங்கியபடி ஊரும். ஈரம் வற்றினால் இறுகி உறங்கும்; மழை வந்தால் விழிக்கும். இரை தீர்ந்ததும் மேட்டுக்கு ஏறி, குண்டூசித் தலை போன்ற வித்துப்பைகளாக மாறும். வித்துகள் காற்றில் போகும்.

நம் நாட்டிலும் இதைத் தேடியவர்கள் உண்டு. 1934இல் லாகூரில் லோதி இந்தியச் சளிப்பூஞ்சைகள் பற்றி நூல் எழுதினார். 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அக்னிஹோத்ருடு தென்னிந்திய இனங்களைத் தொடர் கட்டுரைகளில் விவரித்தார். 1963இல் பி.யு.இந்திராவும் ஆர்.கல்யாணசுந்தரமும் இவற்றை ஆய்வகத்தில் வளர்த்த அனுபவத்தை வெளியிட்டனர். 1977இல் கே.எஸ்.திந்தின் பெருநூல் வந்தது.

சேகரிப்போர் கையாளும் பெட்டகம் வெறும் தீப்பெட்டி. வித்துப்பைகள் ஒட்டிய பட்டையைச் சீவி, நிழலில் உலர்த்தி, அட்டையில் ஒட்டிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மேலே ஊர், தேதி, மரத்தின் பெயர். அப்படி வைத்த வித்துகள் பல பத்தாண்டுகள் கழித்தும் முளைத்திருக்கின்றன.

நம் ஊர் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போங்கள். ஒரு கைலென்சும் சில காலித் தீப்பெட்டிகளும் போதும். மட்கும் கட்டையைக் குப்பையென்று கொளுத்த விடாதீர்கள். முதலில் அந்த மலையில் வாழ்பவரைக் கேளுங்கள். அவர் நேற்றே பார்த்திருப்பார்.