கடலோரத் திடல்களும் பேராக்கின் மரப்பாலும்

முன்னுரை

மலாய் மொழியில் ‘தஞ்சோங்’ என்பது நீரை நோக்கி நீண்டு நிற்கும் நிலமுனையைக் குறிக்கும். பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் கடல் இல்லை. கிந்தா ஆறும், ஒருகாலத்தில் அவ்வட்டாரத்தில் பரந்திருந்த ஈய லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களுமே அதன் அடையாளங்கள். எனினும், ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் வளர்ந்த கோல்ஃப் ஆட்டத்தின் வரலாறு இந்நிலத்து மரப்பாலின்றி முழுமை பெறாது. இவ்வுறவை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலோரத் திடல்கள்

கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான புல்வெளி உழவுக்கு ஏற்றதன்று. மேய்ச்சலுக்கும் விளையாட்டுக்கும் உரியதாக விடப்பட்ட அந்நிலத்திலேயே கோல்ஃப் வளர்ந்தது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1754ஆம் ஆண்டு 22 பேர் கூடித் தொடங்கிய சங்கம், 1834இல் அரச சிறப்புப் பெயர் பெற்றது. அங்குள்ள பழைய திடலில் 22 குழிகள் கொண்டிருந்த சுற்று, 1764இல் 18ஆகக் குறைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு அதுவே.

காட்டுப்பாலும் பந்தும்

அக்காலப் பந்து, வேகவைத்த இறகுகளைத் தோலுறைக்குள் திணித்துத் தைத்துச் செய்யப்பட்டது. தேர்ந்த கைவினைஞரும் நாளொன்றுக்குச் சில பந்துகளையே செய்ய முடிந்தது. விலையோ மிகுதி, நனைந்தால் சிதைந்துவிடும்.

1843இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, மலாய் மக்கள் பாராங் கத்தியின் கைப்பிடிக்குப் பயன்படுத்திய ‘கெத்தா பெர்ச்சா’ என்னும் மரப்பாலின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் இப்பொருளால் 1848 அளவில் பந்துகள் உருவாயின. திருமால் சிலையொன்றைப் பொதிந்துவந்த பாலைக்கொண்டே முதற்பந்து உருட்டப்பட்டது என்னும் செவிவழிக் கதையும் உண்டு.

இறகுப்பந்து செய்த ஆலன் ராபர்ட்சன் இதனை எதிர்த்தார். அவரோடு பிணங்கிய டாம் மோரிஸ் 1851இல் பிரஸ்ட்விக் சென்று, அங்குக் கடலோரத்தில் 12 குழிகள் கொண்ட திடலை அமைத்தார். முதல் ஓப்பன் போட்டி 1860இல் அங்குதான் நடைபெற்றது. மலிவான பந்தும் இருப்புப்பாதையும் ஆடுவோரைப் பெருக்கின. செயிண்ட் ஆண்ட்ரூசில் 1895இல் புதிய திடலும் 1897இல் ஜூபிலி திடலும் எழுந்தன.

இதன் மறுபக்கம் நோக்கத்தக்கது. பாலெடுக்கத் தாபான் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. கடலடித் தந்திவடங்களின் தேவையே இதற்குப் பெருங்காரணம் எனினும், பந்துக்கும் அதில் பங்குண்டு.

தோட்டப்பாலும் தமிழர் கைகளும்

1898இல் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கல், இழுத்துச் சுற்றிய ரப்பர் இழையால் பந்து செய்யும் முறையைக் கண்டார். 1902இல் ஹொய்லேக் கடலோரத் திடலில் சாண்டி ஹெர்ட் அவ்வகைப் பந்தால் ஓப்பன் பட்டம் வென்றார். பந்து தொலைதூரம் பறக்கவே, திடல்கள் நீட்டிக்கப்பட்டன.

தொடக்கத்தில் உலகச் சந்தைக்குக் காட்டு ரப்பரே மிகுதியாக வந்தது. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட கன்றுகள் பேராக்கின் ரப்பர் வரலாற்றைத் தொடங்கி வைத்தன. 1914 அளவில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சியது. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியோருள் பெரும்பாலோர் கங்காணிமுறையில் வந்த தமிழர் என்பது நாமறிந்ததே.

முடிவுரை

சங்கங்களின் சுவர்ப்பலகைகளில் வென்றோர் பெயர் நிலைத்துள்ளது. ஆயின், எந்தத் தோட்டத்துப் பால் எந்தப் பந்துக்குச் சென்றது என இன்று பிரித்தறிய இயலாது. பலர் சீவிய பால் ஒரே தொட்டியில் கலந்து உறைந்தது. உழைத்தோர் பெயரும் அவ்வாறே கரைந்தது. ரப்பர் இழைப்பந்தும் 2000ஆம் ஆண்டுக்குப்பின் போட்டிகளிலிருந்து விரைவில் மறைந்தது. மலேசியத் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும், சில கோல்ஃப் திடல்களாகவும் மாறின. தம் பெற்றோர் பால்மரம் சீவிய மண்ணில் பிறர் பந்தாடக் கண்டோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் நினைவுகளை மாணவரைக்கொண்டு பதிவுசெய்வது, தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களும் உடனே மேற்கொள்ள வேண்டிய பணி என்பது நம் கருத்தாகும்.