தீர்ப்பைத் தள்ளிப்போட்ட கூட்டம்

“இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்?”

கட்டுரைக்குத் தலைப்பு தேடி உட்காரும் கூட்டங்களில் இந்தக் கேள்வி சீக்கிரமே வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் மூத்தவர். கெட்ட எண்ணமும் இருக்காது. ஆனால் அதைக் கேட்டதும், புதிதாகச் சேர்ந்தவர் தன் நோட்டை மூடிவிடுவார். அதில் என்ன எழுதியிருந்தார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

அந்த நோட்டு மூடப்படாமல் காக்கப் பிறந்ததுதான் பிரெயின்ஸ்டார்மிங்.

அதைப் பெற்றெடுத்தவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன். 1888-ல் நியூயார்க்கில் பிறந்து, பஃபலோ நகரில் பத்திரிகை நிருபராக இருந்து, விளம்பரத் தொழிலுக்கு வந்தவர். அவர் பங்குதாரராக இருந்த நிறுவனம் 1928-ல் இன்னொன்றோடு இணைந்து பிபிடிஓ ஆனது. அந்தத் தொழிலுக்கு யோசனைதான் சரக்கு. அந்தச் சரக்கு கூட்டங்களில் முளையிலேயே கிள்ளப்படுவதை ஆஸ்போர்ன் பார்த்தார். ஒரே மூளை ஒரே நேரத்தில் யோசனையைப் பெறவும் வேண்டும், எடைபோடவும் வேண்டும் என்றால் இரண்டுமே கெடும் என்று அவருக்குப் பட்டது.

1930-களின் கடைசியில் அவர் புதுவிதமான கூட்டங்களை நடத்தத் தொடங்கினார். விதிகள் நான்கு: யாரும் குறை சொல்லக்கூடாது, விபரீத யோசனையும் வரலாம், எண்ணிக்கை கூடக்கூட நல்லது, அடுத்தவர் சொன்னதை எடுத்து வளர்க்கலாம். எடைபோடும் வேலை வேறொரு நேரத்துக்கு.

இதற்கு ‘பிரெயின்ஸ்டார்ம்’ என்று பெயர் வைத்தவர்கள் கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள். அந்தச் சொல்லுக்கு அதுவரை இருந்த பொருள், திடீரென்று புத்தி பேதலித்துப்போவது. கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்டு ஒயிட்டைச் சுட்டுக்கொன்ற ஹாரி தாவின் வழக்கு 1907-ல் நடந்தபோது, அவருக்காகப் பேசியவர்கள் சொன்ன சொல்லும் அதுதான். ஆஸ்போர்ன் அதற்கு வேறு உயிர் கொடுத்தார்: படை கோட்டையைத் தாக்குவதுபோல, பல மூளைகள் சேர்ந்து ஒரு சிக்கலைத் தாக்குவது. 1942, 1948, 1953 ஆகிய ஆண்டுகளில் வந்த அவருடைய நூல்கள் இந்த முறையை உலகெங்கும் கொண்டுபோயின.

சோதனையும் வந்தது. 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில், கூடி யோசித்த நான்கு பேரைவிட, தனித்தனியே யோசித்த நான்கு பேரின் பட்டியல்களைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகம் இருந்தன. 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் முக்கியக் காரணத்தைக் கண்டார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும்; காத்திருக்கும்போதே யோசனை நழுவுகிறது. கூட்டத்துக்கு முன்னும் பின்னும் தனியாக யோசிக்க வேண்டும் என்பதை ஆஸ்போர்னும் வலியுறுத்தியிருந்தார். பரவும்போது பலர் அதை விட்டுவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் ஐடியோ போன்ற வடிவமைப்பு நிறுவனங்கள் அவருடைய விதிகளைச் சுவரில் எழுதிவைத்துக்கொண்டன. வடிவமைப்பு மேலாளர்களின் குழு ஒன்று தன் கட்டுரைகளுக்குத் தலைப்பு தேடினாலும் இதே வழி உதவும். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும் என்பது ஆஸ்போர்னின் கண்டிப்பு. “இந்த ஆண்டு என்ன எழுதலாம்?” என்றால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். “வடிவமைப்பாளராக இருந்து மேலாளரானவர் முதல் மாதத்தில் எங்கே தடுக்கி விழுகிறார்?” என்று கேட்டுப்பாருங்கள். நேற்றுவரை பக்கத்து மேசையில் இருந்த நண்பனின் வரைபடத்தைத் திருத்தச் சொல்வது எப்படி? கணக்குப் பிரிவிடம் அழகுக்காகப் பணம் கேட்பது எப்படி? தானே வரைந்துவிடலாம் என்று துடிக்கும் கையை அடக்குவது எப்படி? ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. மேலாளராகி அடிபட்டவர்களால்தான் எழுத முடிகிற கட்டுரை.

முதல் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் எழுதட்டும். பிறகு, வயதில் இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக வாசிக்கட்டும். யார் படிக்கப்போகிறார்கள் என்ற கேள்வியும் அவசியமானதுதான். மறுநாள் காலையில் அதைத் தாராளமாகக் கேட்கலாம். அதற்குள் அந்த நோட்டில் இருந்ததை எல்லோரும் கேட்டிருப்பார்கள்.