ஆடுகளத்தில் முறை யாருக்கு? ஹமீதா பானு மீதான ‘டம்மி’ குற்றச்சாட்டு: ஒரு மறுவாசிப்பு

மல்யுத்த வீராங்கனை ஹமீதா பானு வென்ற குஸ்திகள் பேசிவைத்து நடத்தப்பட்டவை என்ற கருத்து இந்திய மல்யுத்த வரலாற்றெழுத்தில் ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. அவரைப் பற்றி எழுதுவோர் ஒரு பத்தி வியக்கிறார்கள். பின் ஓர் அடிக்குறிப்பில் சந்தேகத்தைத் தெரிவித்துவிட்டு நகர்கிறார்கள். அந்த அடிக்குறிப்புக்கு ஆதாரமாக நிற்பது பெரும்பாலும் ஒரே செய்திதான். 1950களில் பம்பாய் மாநிலத்தில் தம் போட்டிகள் தடுக்கப்பட்டதை எதிர்த்து ஹமீதா பானு முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, ஏற்பாட்டாளர்கள் அவருக்கு எதிராக ‘டம்மி’களை நிறுத்துவதாகப் பல புகார்கள் வந்ததால்தான் தடுத்தோம் என்பது தேசாய் தந்த விளக்கத்தின் சாரம். மோசடியை அரசே உறுதிசெய்துவிட்டது என்று முந்தைய ஆய்வாளர்கள் இதை வாசித்தார்கள். அந்த வாசிப்பு தவறு என்பது என் வாதம்.

விளக்கத்தில் குற்றம் சாட்டப்படுபவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். ஆள் பிடித்து நிறுத்தியவர்கள் ஏற்பாட்டாளர்கள். காசு வாங்கிக்கொண்டு வந்து நின்றவர்கள் ஆண்கள். ஹமீதா பானு ஏமாற்றினார் என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் பிழைப்பை இழந்தவர் அவர் ஒருவரே. புகாரின் உண்மைத்தன்மையை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், தண்டனை ஏன் குற்றம் சாட்டப்படாதவர் மேல் விழுந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் கேள்வியை இதுவரை யாரும் எழுப்பாதது எனக்கு வியப்பே.

அடுத்தது இன்னும் முக்கியம். எதிரே நோஞ்சானை நிறுத்துவது வேறு, முடிவை முன்கூட்டியே பேசிக்கொள்வது வேறு. முன்னதில் மோதல் மெய், எதிராளிதான் சோடை. பின்னதில் மோதலே நடிப்பு. தேசாயின் விளக்கம் சுட்டுவது முன்னதை என்றே நான் கருதுகிறேன். முந்தைய ஆய்வோ இரண்டையும் ஒன்றாக்கி, ‘ஆள் சரியில்லை’ என்ற புகாரை ‘வெற்றி பொய்’ என்ற தீர்ப்பாக மாற்றிவிட்டது. புகார் கொடுத்தவர்களே இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்று கேட்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம், ஆனால் அவர்களின் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

1954 மே மாதம் பரோடாவில் பாபா பஹல்வானை அவர் 1 நிமிடம் 34 விநாடியில் மல்லாத்திய நிகழ்ச்சிதான் சந்தேகத்துக்கு இரண்டாவது சான்றாகக் காட்டப்படுகிறது. இத்தனை விரைவாக முடிந்த போட்டி எப்படி உண்மையாக இருக்கும் என்பது கேள்வி. எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. டிக்கெட் விற்று நடத்தும் காட்சியில் முடிவு பேசப்பட்டிருந்தால், ஏற்பாட்டாளர் அதை இழுப்பாரே தவிரச் சுருக்க மாட்டார். 1944இல் பம்பாயில் கூங்கா பஹல்வானோடு நடக்கவிருந்த குஸ்தி கடைசி நேரத்தில் நின்றுபோனபோது, திரண்டிருந்த கூட்டம் அரங்கத்தையே சேதப்படுத்தியது. அப்படிப்பட்ட கூட்டத்தின் முன் 94 விநாடியில் முடியும் நாடகத்தை எந்த வியாபாரியும் எழுதமாட்டான்.

விரைவே மோசடிக்குச் சான்று என்றால் இன்னொரு போட்டியையும் அதே தராசில் வைக்க வேண்டும். 1910இல் லண்டனில் இந்திய மல்லர் காமாவும் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மோதியும் முடிவு கிட்டவில்லை. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதினர். ஐம்பதை நெருங்கிவிட்ட ஸ்பிஸ்கோவைக் காமா ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். வயதான எதிராளி, மன்னரின் ஆதரவு, கண்மூடித் திறப்பதற்குள் முடிவு என்று சந்தேகப்பட வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன. அதை டம்மிப் போட்டி என்று எவரும் எழுதவில்லை. தேசத்தின் வெற்றியாகவே கொண்டாடினார்கள், இன்றும் கொண்டாடுகிறார்கள். காமாவின் புகழைக் குறைப்பது என் நோக்கமல்ல. ஒரே வகைச் சான்று ஆணுக்கு வீரமாகவும் பெண்ணுக்கு மோசடியாகவும் வாசிக்கப்படும்போது, கோளாறு வாசிப்பவரிடம்தான் இருக்கிறது.

அவர் 108 கிலோ எடையுள்ளவர், எடையால் வென்றார் என்ற ஆட்சேபத்தில் நின்று நேரம் போக்க வேண்டியதில்லை. லண்டனில் ஸ்பிஸ்கோவும் காமாவைவிடக் கனமானவரே. நாளிதழ்கள் ஹமீதா குடித்ததாகச் சொல்லப்பட்ட 5.6 லிட்டர் பாலுக்கும், இரண்டு தட்டு பிரியாணிக்கும் தந்த இடத்தை அவர் போட்ட பிடிகளுக்குத் தரவில்லை. எந்தப் பிடியில் பாபா பஹல்வான் விழுந்தார் என்பதைவிட ஹமீதா என்ன தின்றார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். சந்தேகத்தின் பெரும்பகுதி இந்தச் செய்தி மரபிலிருந்து வந்ததே.

என்னைத் தோற்கடிப்பவனை மணப்பேன் என்று 1954இல் அவர் விட்ட சவால் இரு வகையாகவே வாசிக்கப்பட்டிருக்கிறது: பெண்ணுரிமைக் குரல் என்று ஒரு சாரார், சர்க்கஸ் விளம்பரம் என்று இன்னொரு சாரார். தமிழ் மரபை அறிந்தவர் மூன்றாவதாக ஒன்றைக் காண முடியும். கலித்தொகையின் முல்லைக்கலியில் காளையைத் தழுவுபவனுக்கே ஆயர்மகள் உரியவள். அங்கே காளை சோதனை, பெண் பரிசு. ஹமீதாவின் சவாலில் சோதனையும் அவரே, பரிசும் அவரே. இது வெறும் அணி அல்ல, நடைமுறைத் தேவை. பெண்ணோடு மோதுவது இழுக்கு என்று கருதிய காலத்தில் பஹல்வான்கள் களத்துக்கு வர ஒரு மானமுள்ள காரணம் வேண்டியிருந்தது. மாப்பிள்ளைப் போட்டி அதைத் தந்தது. அப்படியும் பரோடா மன்னரின் ஆதரவு பெற்ற சோட்டே காமா, பெண்ணோடு மோத மாட்டேன் என்று விலகிக்கொண்டார். டம்மிகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. பெயர்பெற்றவர்கள் ஒதுங்கினால் மிஞ்சியவர்கள்தான் வருவார்கள். ஒதுங்கியவர்களின் மானம் காப்பாற்றப்பட்டது, வந்தவர்களோடு மோதியவர் பெயர் கெட்டது.

தமிழ்க் கதை மரபின் வீர அரசிகளான அல்லியையும் தடாதகையையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. இருவரின் வீரமும் ஒரு கணவன் வந்து சேர்வதோடு கதையில் அடங்கிவிடுகிறது. ஹமீதாவின் கதை அப்படி முடியவில்லை. களத்தில் அவரை வென்று மணந்தவன் என்று ஒருவனும் இல்லை. கதை முடியாதபோது அதை முடித்துவைக்க வேறு வழி தேடப்பட்டது என்று நான் எண்ணுகிறேன்.

அந்த வழி, களத்துக்கான முறையைப் பறிப்பது. பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் களப்பணி செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை அங்கே பாடு முறை தீர்மானிக்கிறது. பங்கு ஆணின் பெயரில். கையால் தடவியே இறால் பிடிக்கும் பெண்ணுக்கு ஏரி தெரியாது என்று யாரும் சொல்வதில்லை, அவளுக்குப் பாடு கிடையாது, அவ்வளவுதான். ஹமீதா பானுவின் திறமையும் அப்படித்தான், நேராக மறுக்கப்படவில்லை. புணேயில் ராமச்சந்திர சாலுங்கேயுடன் நடக்கவிருந்த போட்டி உள்ளூர் மல்யுத்த அமைப்பின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. வேறோர் ஊரில் ஆணை வீழ்த்தியதற்காகக் கூட்டம் கல்லெறிந்தது, போலீஸ் தலையிட வேண்டிவந்தது. பம்பாயில் அரசு தடுத்தது. அதே ஆண்டுகளில் ஆண் மல்லர்களான தாரா சிங்கும் கிங்காங்கும் ஊர் ஊராக மோதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போட்டிகளில் எத்தனை பேசிவைத்தவை என்று கேட்டு எந்த முதலமைச்சரும் விளக்கம் எழுத நேர்ந்ததாக நான் படித்ததில்லை.

1954இல் ரஷ்யாவின் ‘பெண் கரடி’ எனப்பட்ட வேரா சிஸ்டிலினைப் பம்பாயில் ஒரு நிமிடத்துக்குள் வென்ற பின், ஐரோப்பா சென்று மோதப்போவதாக ஹமீதா அறிவித்தார். போகவில்லை. பயிற்சியாளர் சலாம் பஹல்வான் அவரை அடித்து எலும்பை முறித்துவிட்டதே காரணம் என்று குடும்பத்தினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். குடும்ப நினைவை ஆவணத்துக்கு நிகராக வைக்க நான் தயங்குகிறேன். ஆனால் ‘டம்மி’ப் புகாரை உரசிப் பார்க்காமல் ஏற்றவர்கள் இந்தக் கூற்றை மட்டும் வதந்தி என்று தள்ளுவது நியாயமாகாது. அதன் பின் கல்யாணில் பால் வியாபாரம் செய்து வாழ்ந்த அவர் 1986இல் இறந்தார்.

இன்றைய தொழில்முறை மல்யுத்தத்தில் இந்தச் சிக்கல் வேறு வழியில் தீர்ந்திருக்கிறது. தாங்கள் நடத்துவது போட்டியல்ல, கேளிக்கை என்று 1989இல் நியூ ஜெர்சியில், இன்று டபிள்யூடபிள்யூஈ எனப்படும் அமெரிக்க நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே, ஹரியாணாவின் கவிதா தேவி 2017இல் சல்வார் கமீசுடன் டபிள்யூடபிள்யூஈ களத்தில் இறங்கியபோது, இது மெய்யா பொய்யா என்று எவரும் கேட்கவில்லை. 2019இல் அந்த நிறுவனத்தின் பெருநிகழ்ச்சியான ரெசில்மேனியாவின் இறுதிப் போட்டியே பெண்களுடையதாக அமைந்தது. பெண்கள் மேல் இருந்த சந்தேகம் விலகியதாக இதைக் கொள்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெய் என்ற உரிமைகோரலை அந்தத் தொழில் முழுவதுமாகக் கைவிட்ட பிறகுதான் பெண்ணுக்கு நடு மேடை கிடைத்தது. மெய்யாகவே வென்றேன் என்று சொன்ன ஹமீதாவுக்கு அது கிடைக்கவில்லை.

ஆகவே ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தேசாயின் விளக்கத்தை மட்டும் மேற்கோள் காட்டுவதை நிறுத்தி, அதற்கு அடிப்படையான புகார்களை மகாராஷ்டிர அரசு ஆவணக்காப்பகக் கோப்புகளில் தேடுங்கள். யார் புகார் செய்தார்கள், எந்த அமைப்பின் பெயரில் செய்தார்கள் என்று தெரியும்வரை, ‘போலி வீராங்கனை’ என்ற சொல்லை ஹமீதா பானுவின் பெயரோடு சேர்த்து எழுத எவருக்கும் சான்று இல்லை.